பதில் எழுதும் முன் இரண்டாம் பிரிவைப் புரட்டுங்கள்

அரசாங்க அமைப்பிலிருந்து கடிதம் வந்தால் சிலர் படித்த வேகத்தில் ஆத்திரமாக ஒரு மின்னஞ்சலைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். சிலர் கடிதத்தை மடித்து டிவிக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிட்டு, கெடு முடிவதற்கு முந்தின நாள் இரவு உதவிக்கு ஆள் தேடுகிறார்கள். அப்படித் தேடி வருபவர்களில் சிலர் என் மேசைக்கு வந்து சேர்கிறார்கள். நான் பல வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திர வேலை பார்த்த கிளார்க். ஓய்வுபெற்ற பிறகு சிங்கப்பூர் ஈசூனில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொண்டூழியராக உட்கார்ந்து கடிதம் எழுதித் தருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, இது சட்ட ஆலோசனையும் இல்லை. வந்த கடிதத்தை எப்படிப் படிப்பது, எந்தச் சொல்லில் கை வைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடிதத்தில் இருக்கும் சொற்கள் நமக்குப் பழக்கமானவையாகத்தான் தெரியும்: உரிமையாளர், குடியிருப்பவர், ஊழியர், சம்பளம், மாதம், நாள். ஆனால் கடிதம் எழுதும் அதிகாரிக்கு இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சட்டத்தில் வரையறை இருக்கிறது. உங்கள் நிலைமை அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். உங்கள் கஷ்டத்தை அவர் படிக்க மாட்டார் என்று சொல்லவில்லை. அது இரண்டாவதாகத்தான் வரும்.

எந்தச் சட்டம், யாருடைய கடிதம்

கடிதத்தில் ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்கீழ்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பத்தியிலோ அடிக்குறிப்பிலோ இருக்கும். இல்லையென்றால், “இந்த முடிவு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் எடுக்கப்பட்டது?” என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். மரியாதையான கேள்விதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டத்தின் பெயர் கிடைத்ததும் ‘சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’ தளத்துக்குப் போங்கள். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்துவது, இலவசம். பழைய கடிதமாக இருந்தால் ‘அத்தியாயம் 91’ என்பதுபோல எண் போட்டிருக்கும். 2021 டிசம்பர் 31 முதல் அந்த அத்தியாய எண்கள் போய்விட்டன. இப்போது ஆண்டுதான்: 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம், 1959ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிச் சட்டம் என்று தேட வேண்டும். சில சட்டங்களில் பிரிவு எண்களும் மாறிவிட்டன. அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய கடிதத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

அப்புறம், கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வேறு, நகர மன்றம் வேறு. வீவக 1960இல் உருவான ஆணைபெற்ற கழகம், அதாவது தனிச் சட்டத்தால் அமைந்த அரசு அமைப்பு. நகர மன்றங்கள் 1988ஆம் ஆண்டு நகர மன்றச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றுக்கென்று துணைவிதிகளும் உண்டு. நடைபாதை, மின்தூக்கி, புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்தவெளியான வாய்ட் டெக் எல்லாம் ‘பொதுச் சொத்து’, அதைப் பராமரிப்பது நகர மன்றம். உங்கள் வீட்டுக்குள் யார் குடியிருக்கலாம், அறையை வாடகைக்கு விடலாமா என்பதெல்லாம் வீவகவின் வேலை. வாசலில் வைத்த செடித்தொட்டிக்காக நகர மன்றம் அனுப்பிய கடிதத்துக்கு வீவகவுக்கு மூன்று பக்கம் பதில் எழுதி, அது சுற்றிச் சுற்றி வருவதற்குள் கெடு போய்விட்டது என்று ஒரு பெரியவர் வந்து நின்றார். எழுதியது நல்ல கடிதம்தான், விலாசம்தான் தப்பு.

இரண்டாம் பிரிவில் என்ன பார்ப்பது

நம் சட்டங்களில் பெரும்பாலும் முதல் பிரிவு சட்டத்தின் பெயர், இரண்டாம் பிரிவு வரையறைகள். அங்கே அகரவரிசையில் சொற்கள் இருக்கும். கடிதத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெரும்பாலான வரையறைகளில் இரண்டு வினைச்சொற்களில் ஒன்று இருக்கும். ‘மீன்ஸ்’ என்று இருந்தால் கதவு மூடிவிட்டது. சொன்னது மட்டும்தான், வேறெதுவும் உள்ளே வராது. ‘இன்குளூட்ஸ்’ என்று இருந்தால் கதவு திறந்திருக்கிறது. சொன்னதும் வரும், அந்தச் சொல்லின் வழக்கமான பொருளும் வரும். இதைக் கவனிக்காமல் எழுதிய கடிதம் பாதிக் கடிதம்தான்.

தேடும் சொல் அங்கே இல்லையென்றால் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது. ஒன்று, அந்தச் சட்டத்தின் நடுவிலேயே ‘இந்தப் பகுதியில்’, ‘இந்தப் பிரிவின் நோக்கத்துக்காக’ என்று தனியாக வரும் வரையறை. அது அந்த இடத்துக்கு மட்டும்தான் செல்லும். இன்னொன்று, எல்லாச் சட்டத்துக்கும் பொதுவான 1965ஆம் ஆண்டுப் பொருள்விளக்கச் சட்டம், அதாவது ‘இண்டர்பிரட்டேஷன் ஆக்ட்’. அதில் ‘பெர்சன்’ என்றால் நிறுவனமும், சங்கமும், பதிவு செய்யப்படாத குழுவும்கூட அடங்கும். ‘எந்த நபரும்’ என்று கடிதத்தில் இருக்கிறதே, நம் கோயில் கமிட்டி நபரா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பெரும்பாலும் அதுவும் நபர்தான். ‘மாதம்’ என்றால் நாட்காட்டி மாதம், 30 நாள் இல்லை.

‘பிரிஸ்கிரைப்டு’ என்ற சொல்லைப் பார்த்தால், விவரம் துணைச் சட்டத்தில் இருக்கிறது என்று பொருள். கட்டணம், படிவம், கெடு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதே தளத்தில் அந்தச் சட்டத்தோடு சேர்ந்த துணைச் சட்டங்களின் பட்டியலும் உண்டு.

வீட்டு விஷயத்தில் அதிகம் குழப்பும் சொல் ‘ஆத்தரைஸ்டு ஆக்குபையர்’. வீடு வாங்க விண்ணப்பிக்கும்போது இங்கே வசிக்கப்போகிறவர் என்று பெயர் கொடுக்கப்பட்டவர், அல்லது வசிக்கலாம் என்று வீவக எழுத்துமூலம் அனுமதித்தவர். அவ்வளவுதான். அந்த வரையறையில் பங்கு என்ற பேச்சே இல்லை. மகன் வீட்டில் பெயர் இருக்கிறது, அதனால் வீட்டில் எனக்கும் பாதி உண்டு என்று நம்பி வரும் அம்மாமார்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. வீட்டுக்குக் காசு போட்டிருந்தால் அது வேறு கேள்வி, அதற்கு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஆனால் வீவகவுக்கு எழுதும் கடிதத்தில் ‘நானும் உரிமையாளர்’ என்று தொடங்கினால் முதல் வரியிலேயே தோற்றுவிடுவோம். ‘அனுமதி பெற்று வசிப்பவர் நான், வீட்டை விற்பதால் எனக்கு இருக்க இடம் இல்லை, வாடகை வீட்டுக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டும்’ என்று எழுதினால் அந்தக் கடிதம் போய்ச் சேர ஒரு மேசை இருக்கிறது.

ஒரு வரையறை, ஒரு சம்பளச் சீட்டு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை பார்க்கும் ஒரு தம்பி. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 2,900 வெள்ளி, திறன் அலவன்ஸ் 200, சாப்பாட்டு அலவன்ஸ் 150. அட்டையில் ‘சைட் சூப்பர்வைசர்’. “அக்கா, சூப்பர்வைசருக்கு ஓட்டி, அதான் ஓவர்டைம், கிடையாதுன்னு கம்பெனியில சொல்றாங்க” என்றார்.

வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் பற்றிப் பேசுவது. அது எல்லாருக்கும் பொருந்தாது. ‘வொர்க்மேன்’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை பொருந்தும். மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரைதான். மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் கிடையாது. இந்தத் தம்பி வொர்க்மேன் என்றால் ஓவர்டைம் உண்டு, இல்லையென்றால் இல்லை. மொத்த விவகாரமும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

வரையறையைப் படித்தால், உடலுழைப்பு வேலை செய்பவர், வாகனம் ஓட்டுபவர் என்று தொடங்கி, நமக்கு வேண்டிய ஒரு வகையும் வருகிறது: ஓரளவு உடலுழைப்பும் ஓரளவு மேற்பார்வையுமாக வேலை பார்ப்பவர். ஒரு சம்பளக் காலத்தில் அவர் கையால் வேலை செய்யும் நேரம் மொத்த வேலை நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால் அவரும் வொர்க்மேன்தான். அட்டையில் என்ன பட்டம் அச்சிட்டிருக்கிறது என்று அந்த வரையறை கேட்கவே இல்லை.

அதனால் நான் அவரிடம் கேட்டது கஷ்டக் கதையை இல்லை. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் கம்பி கட்டினீர்கள், எத்தனை மணி நேரம் மற்றவர்களை வேலை வாங்கினீர்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சைட்டுக்கு அனுப்பிய படங்கள், லோரி ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் எல்லாம் சேர்ந்தன. கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கம்தான். வரையறையை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே மணிக்கணக்கு. சமரசப் பேச்சில் கம்பெனி பெரும்பகுதியைக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கணக்கு போடும்போதும் வரையறைதான். ஓவர்டைம் ‘பேசிக் ரேட்’டில் வரும். அதில் எந்த அலவன்ஸும் சேராது. 2,900ஐ 12ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்தை வாரத்தின் 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் மணிக்கு 15 வெள்ளி 21 காசு. ஒன்றரை மடங்கு என்றால் 22 வெள்ளி 81 காசு. ஆனால் முன்னறிவிப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் சம்பளம் ‘கிராஸ் ரேட்’டில். அதில் அலவன்ஸ் சேரும், ஆனால் பயணம், சாப்பாடு, தங்குமிடத்துக்கான அலவன்ஸ் சேராது. ஆக இவருக்கு 2,900உடன் திறன் அலவன்ஸ் 200 சேர்ந்து 3,100. சாப்பாட்டு 150 வெளியே. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 119 வெள்ளி 23 காசு. சீட்டின் கடைசி வரியில் இருக்கும் 3,250ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனால், எதிரே இருப்பவர் முதலில் அந்தப் பிழையைத்தான் காட்டுவார். மற்ற நியாயமும் அதோடு சேர்ந்து அடிபடும்.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. ‘ஊழியர்’ என்ற வரையறையே அவர்களை வெளியே வைத்துவிட்டு, வெளிநாட்டு மனிதவளச் சட்டத்திடம் விட்டுவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் கடிதம் எழுதும்போது வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு எந்தச் சட்டம் பேசுகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

நாள் எண்ணுவது

கெடு தவறிப்போய்த்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பொதுவிதி பொருள்விளக்கச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் இருக்கிறது. சம்பவம் நடந்த நாள் கணக்கில் சேராது, அடுத்த நாள்தான் முதல் நாள். ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து 30 நாள் என்றால் ஆகஸ்ட் 31 வரை. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் இவை இரண்டும் அல்லாத அடுத்த நாள் வரை நீளும். கெடுவே ஆறு நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நடுவில் வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் எண்ணிக்கையில் வராது. சனிக்கிழமைக்கு இந்தச் சலுகை இல்லை. அலுவலகம் பூட்டியிருக்கிறதே என்று சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள்.

எந்தத் தேதியிலிருந்து என்பதும் முக்கியம். கடிதத்தின் தேதியா, கையில் கிடைத்த தேதியா? வருமான வரிக்கு மதிப்பீட்டு அறிக்கையின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். ஆட்சேபம் தெரிவித்துவிட்டால் வரி கட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அதையும் உரிய தேதியில் கட்டத்தான் வேண்டும், பிறகு குறைந்தால் திருப்பித் தருவார்கள். சம்பளப் பாக்கிக்கு, வேலையில் இருந்தால் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஓராண்டு. வேலையை விட்டிருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் டிஏடிஎம் அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிய வேண்டும். தவறான பணிநீக்கம் என்றால் ஒரே மாதம்தான். சமரசம் முறிந்து சான்றிதழ் கொடுத்துவிட்டால், வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போக நான்கு வாரம்.

சம்மன் என்று நாம் சொல்வது

கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடித் துடைப்பானில் செருகியிருக்கும் தாளை நாம் எல்லாரும் ‘சம்மன்’ என்றுதான் சொல்கிறோம். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பது ‘காம்போசிஷன்’, அதாவது இந்தத் தொகையைக் கட்டினால் வழக்குப் போட மாட்டோம் என்ற ஒரு சலுகை. கட்டினால் விவகாரம் அங்கேயே முடிகிறது. கட்டாமல் விட்டால் பிறகு வருவதுதான் நிஜமான சம்மன், நீதிமன்றத்தில் வந்து நிற்கச் சொல்லும் ஆணை. மேல்முறையீடு செய்ய நினைத்தால் முதல் தாளின் கெடுவுக்குள்ளேயே செய்யுங்கள். சில சாலைக் குற்றங்களில் தொகையைக் கட்டினாலும் ஓட்டுநர் உரிமத்தில் குற்றப் புள்ளிகள் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘இது எங்கள் கொள்கை’

எங்களோடு உட்காரும் சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி அமெரிக்காவைக் காட்டி அங்கலாய்ப்பாள். அங்கே மத்திய அரசுக்கு 1946இலிருந்தே ஒரு நிர்வாக நடைமுறைச் சட்டம் இருக்கிறது, மாநிலங்களும் தங்களுக்கென்று வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் ‘முடிவு’ என்றால் என்ன, ‘தரப்பு’ என்றால் யார், ‘உள்ளூர் அமைப்பு’ எது என்று ஒரே இடத்தில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒருவரின் உரிமையையோ கடமையையோ தீர்மானிப்பதுதான் அங்கே ‘முடிவு’. நம்மிடம் அப்படி எல்லா அமைப்புக்கும் பொதுவான ஒரு நடைமுறைச் சட்டம் இல்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் அதனதன் சட்டம், அதற்கு மேல் நீதிமன்றத் தீர்ப்புகள். அதனால்தான் நான் இவ்வளவு நேரம் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும், ஒருவரைப் பற்றிய முடிவைத் தனியாகப் பிரிக்கும் கலிபோர்னியாக்காரர்களின் அந்த வேறுபாடு இங்கேயும் உதவும். உங்கள் கடிதத்தில் இருப்பது சட்டமா, உங்களைப் பற்றிய முடிவா, இல்லை வெறும் கொள்கையா என்று பிரித்துப் பாருங்கள். சட்டம் என்றால் அதிகாரியால் அதை மீற முடியாது. அங்கே போய் அழுது பயனில்லை. ‘கொள்கைப்படி இயலாது’ என்று இருந்தால் பேச இடம் இருக்கிறது. 1990களில் உல்லாசக் கப்பல் நிறுவனம் ஒன்று அப்போதைய சுற்றுப்பயண மேம்பாட்டுக் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த லைன்ஸ் இண்டர்நேஷனல் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அமைப்புகள் கொள்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும், தனிப்பட்ட ஒருவரின் நிலைமையைக் கேட்கவும் அமைப்பு தயாராக இருக்க வேண்டும். உங்கள் கஷ்டக் கதைக்கு இடம் இங்கேதான். ‘கொள்கையை அறிவேன், என் நிலைமை அதில் எதிர்பார்த்ததிலிருந்து இந்த இரண்டு விதத்தில் வேறுபடுகிறது’ என்று எழுதி, மருத்துவச் சான்றிதழையோ மசேநி (மத்திய சேமநிதி) கணக்கறிக்கையையோ கூடவே வையுங்கள்.

கடிதம்

நான் எழுதும் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. மேலே அவர்களுடைய குறிப்பு எண், கடிதத் தேதி. முதல் பத்தியில் என்ன வேண்டும் என்பது. இரண்டாவதில் சட்டத்தின் சொல், ஆங்கில மூலத்திலேயே. தமிழில் பேசுவது நம் உரிமை, ஆனால் சட்டத்தின் வாசகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, மொழிபெயர்த்துப் போட்டால் அதிகாரி தேடிக்கொண்டிருப்பார். மூன்றாவதில் அந்தச் சொல்லுக்குள் நான் எப்படி வருகிறேன், எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது. கடைசியில், மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் எந்தப் பிரிவு என்பதையும் எழுத்தில் தெரிவிக்கும்படி ஒரு வரி.

நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் கூடப் போனால் உங்கள் விவகாரத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். வரையறையை அது மாற்றாது. சில சட்டங்களில் அமைச்சரிடம் மேல்முறையீடு உண்டு, அவர் முடிவே இறுதி என்றும் இருக்கும். அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தின் நீதிமுறை மறுஆய்வுதான். முடிவு சரியா என்பதைவிட, சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். அனுமதி கேட்கவே மூன்று மாதக் கெடு. அந்தக் கட்டத்தில் என்னிடம் வராதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவிப் பிரிவுக்குப் போங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு.